ஊரை இரண்டாகப் பிரித்த பந்து

கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய மறுநாள், யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பத்திரிகை வாங்க வேண்டியதில்லை என்பார்கள். பையை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனால் போதும். இறால் விலை ஏறியிருந்தால் மோகன் பகான் ஜெயித்துவிட்டது. இலிஷ் விலை ஏறியிருந்தால் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டது. இலிஷ் என்பது நம் பக்கத்தில் உல்லம் என்று சொல்கிற மீன்தான். முள்ளும் அதிகம், ருசியும் அதிகம்.

இறாலுக்கும் உல்லத்துக்கும் கால்பந்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இது இரண்டு கிளப்புகளின் சண்டை மட்டுமல்ல. மேற்கு வங்காளத்திலேயே பல தலைமுறைகளாக இருப்பவர்களை அங்கே 'கோட்டி' என்பார்கள். திருநெல்வேலிக்காரர்கள் தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வங்காளியில் அதற்குச் சொம்பு என்று பொருள். பத்மா நதிக்கு அக்கரையில் உள்ள கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. பட்டிக்காட்டான் என்று ஏளனம் செய்து வைத்த பெயர் அது. பேச்சு வேறு, குழம்பு வேறு, மீன் வேறு. கோட்டிகளின் கிளப் மோகன் பகான், பாங்கால்களின் கிளப் ஈஸ்ட் பெங்கால் என்று ஊர் பிரிந்து நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. 2001-ல் நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று மாறியது. இந்தப் பிரிவு மட்டும் மாறவில்லை.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி ருசி உண்டு. பாதிக் கதை, ஊரை விட்டு வந்தவர்களின் கதைதான்.

வெறுங்கால் வீரர்கள்

இருவரில் மூத்தது மோகன் பகான். 1889 ஆகஸ்ட் 15-ல் வட கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. மோகன் பகான் வில்லா என்ற மாளிகையின் பெயரே கிளப்புக்கும் வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளங்களும் வெள்ளைக்காரக் கிளப்புகளும் கோப்பைகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1911 ஜூலை 29-ல் அந்த வழக்கம் முறிந்தது. ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதிப் போட்டியில் மோகன் பகானும் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்து அணியும் மோதின. பதினொரு வங்காளிகளில் பாதிரியார் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான் பூட்ஸ் அணிந்திருந்தார். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். ஆட்டத்தைப் பார்க்கச் சிறப்பு ரயில் விட்டார்கள். மைதானத்துக்குள் நுழைய முடியாதவர்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

முதல் கோல் பட்டாளத்துக்காரர்களுடையது. பிறகு மோகன் பகான் அணித் தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் அபிலாஷ் கோஷ் இன்னொன்று போட்டார். 2-1. ஆள்பவனை அவனுடைய ஆட்டத்திலேயே வெல்லலாம் என்று நாடு அன்று தெரிந்துகொண்டது. அதனால்தான் ஜூலை 29 இன்றும் 'மோகன் பகான் தினம்'.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று வென்ற பதினொருவரில் பலருடைய பூர்வீகம் கிழக்கு வங்காளம். பாதுரி சகோதரர்களே பரீத்பூர் பக்கத்துக்காரர்கள். அப்போது கோட்டி என்றும் பாங்கால் என்றும் யாரும் அணியைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆளை உட்கார வைத்ததால் பிறந்த கிளப்

பிரிவு வந்தது 1920-ல். கூச்பிகார் கோப்பையில் மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் கிளப் ஆட வேண்டியிருந்தது. ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் உட்கார வைத்துவிட்டார்கள். அவரை ஆடவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார் அந்தக் கிளப்பின் உதவித் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி. யாரும் காது கொடுக்கவில்லை. கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் இந்த அலட்சியம் என்று அவர் எண்ணினார். கிளப்பை விட்டு வெளியேறினார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1920 ஆகஸ்ட் 1-ல் புதுக் கிளப் தொடங்கினார். பெயருக்காக அவர்கள் அலையவில்லை. தங்கள் மண்ணின் பெயரையே வைத்தார்கள்: ஈஸ்ட் பெங்கால்.

கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இரண்டு இந்தியக் கிளப்புகளுக்கு மேல் ஆடக்கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. அந்த விதி நீக்கப்பட்ட பிறகே ஈஸ்ட் பெங்கால் 1925-ல் மேலே வர முடிந்தது. அந்த ஆண்டு மே 28-ல் இரு கிளப்புகளும் முதல் முறையாக லீக்கில் மோதின. நேபால் சக்கரவர்த்தி போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. நேற்று முளைத்த கிளப், நாட்டின் பெருமையாக இருந்த கிளப்பைச் சாய்த்துவிட்டது. பகை அன்றே வேர் பிடித்தது.

இடையில் இருவருக்கும் பாடம் சொல்ல மூன்றாவது ஒருவரும் வந்தார். 1934-ல் லீக்கை வென்ற முதல் இந்தியக் கிளப் மோகன் பகானும் அல்ல, ஈஸ்ட் பெங்காலும் அல்ல. முகமதன் ஸ்போர்ட்டிங்தான் அந்தப் பெருமையைப் பெற்றது. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அதுவே சாம்பியன். மோகன் பகானுக்கு 1939-லும் ஈஸ்ட் பெங்காலுக்கு 1942-லும்தான் லீக் கிடைத்தது.

சியால்டா பிளாட்பாரம்

1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. வீட்டையும் நிலத்தையும் விட்டு லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள். கிழக்கிலிருந்து வரும் ரயில்கள் சியால்டா ஸ்டேஷனில்தான் நின்றன. வந்தவர்களில் பலர் அந்தப் பிளாட்பாரத்திலேயே அடுப்பு மூட்டி மாதக்கணக்கில் குடியிருந்தார்கள். பிறகு நகரத்தின் தெற்கு ஓரத்தில், ஜாதவ்பூர் பக்கம், காலி நிலங்களில் மூங்கிலும் தட்டியும் கொண்டு குடிசை போட்டார்கள். அகதிக் காலனிகள் இப்படித்தான் உருவாயின.

பள்ளிக்கூடத்தில் கேலி, வேலை கேட்டுப் போன இடத்தில் கேலி, பேச்சைக் கேட்டால் கேலி. அப்படிப்பட்டவனுக்கு வாரத்தில் ஒரு நாள் தலை நிமிர்ந்து நடக்க ஓர் இடம் கிடைத்தது. அது சிவப்பும் தங்க நிறமும் கலந்த சட்டை அணிந்த பதினொரு பேர் ஆடும் மைதானம். அவர்கள் ஜெயித்தால் இவன் ஜெயித்தான். கையில் காசு இல்லாவிட்டாலும் அன்றைக்கு இலிஷ் வாங்கினான்.

கிழக்கு வங்காளம் என்ற மாநிலம் 1955-ல் கிழக்குப் பாகிஸ்தான் ஆயிற்று. 1971-ல் வங்காள தேசம் ஆயிற்று. அந்தப் பெயர் இன்று எந்தப் பூகோளப் படத்திலும் கிடையாது. ஒரு கால்பந்துக் கிளப்பின் பெயர்ப் பலகையில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மோகன் பகான் ரசிகர்களுக்கும் மனத்தாங்கல் இருந்தது. தங்கள் ஊரில் திடீரென்று கூட்டம் பெருகியது. வேலையிலும் வீட்டிலும் போட்டி வந்தது. 1911-ல் வெள்ளைக்காரனை வென்றுகொடுத்த கிளப்பை நேற்று வந்தவன் ஏசுகிறானே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஆட்டக்காரர்களைப் பிறந்த மண்ணைப் பார்த்து அவர்கள் எடுக்கவில்லை. 1960-களில் மோகன் பகானின் கோட்டைச் சுவராக நின்ற ஜர்னைல் சிங், பிரிவினையில் மேற்குப் பஞ்சாபின் லயல்பூர் பக்கத்தை விட்டு வந்தவர். அவரும் அகதிதான்.

ஐந்து தென்னாட்டவர்

இந்த வங்காளச் சண்டையில் வெற்றி தேடிக்கொடுத்தவர்களில் தென்னாட்டவர் பலர் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தெற்கிலிருந்து போனவர்கள். அப்பாராவ் காக்கிநாடாக்காரர், சாலே கேரளத்துக்காரர், அகமது கான் நம் பெங்களூர்க்காரர். வங்காளிகள் இவர்களுக்கு வைத்த பெயர் 'பஞ்ச பாண்டவர்'.

பாண்டவர்கள் ஐவரும் சேர்ந்து ஆடத் தொடங்கிய 1949-லேயே லீக், ஐ.எப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தன. கேடயம் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவர்களிடமே இருந்தது. அகமது கான் வெறுங்காலில் பந்தைச் சுழற்றும் அழகைப் பார்த்துப் 'பாம்பாட்டி' என்றே அழைத்தார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. அந்த ஒரு கோல் அகமது கான் போட்டது. 2017-ல் பெங்களூரிலேயே காலமானார்.

சொந்த மண்ணை இழந்த மக்களின் பெருமையை, அவர்கள் பாஷை தெரியாத ஐந்து பேர் காத்துக் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்து ஆடியவர். அந்த ராணுவ அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று புகழ்பெற்றார். பிறகு கல்கத்தா போய் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்குமே கோல் காத்தார். மூன்று தரப்பும் திட்டிய ஆளும் அவர்தான், மூன்று தரப்பும் கும்பிட்ட ஆளும் அவர்தான்.

நாடு என்று வந்தபோது சண்டையும் மறைந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்த அணியின் தலைவர் மோகன் பகானின் சுனி கோஸ்வாமி. ஈஸ்ட் பெங்கால் புகழ் பலராமும் தங்கராஜும் அதில் இருந்தார்கள்.

ரயில்வேக்காரர் ஆட்டிவைத்த எழுபதுகள்

அதே தங்க அணியில் இன்னொருவர் பி.கே. பானர்ஜி. அவர் ஆட்டக்காரராக இரு கிளப்புகளிலும் சேரவே இல்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு அந்த அணிக்கே ஆடினார். 1958-ல் பெரிய கிளப்புகளை ஒதுக்கிவிட்டு ஈஸ்டர்ன் ரயில்வே லீக் பட்டத்தை வென்றது. வேறொரு சிறு கிளப் அப்படி வெல்வதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆட்டக்காரராக விலகி நின்றவர், பயிற்சியாளராக இரு வீட்டிலும் சம்பந்தம் செய்தார். 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் லீக் ஈஸ்ட் பெங்காலிடமே இருந்தது. அதில் பிற்பகுதி பி.கே.யின் காலம். அதன் உச்சம் 1975 செப்டம்பர் 30. ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று நொறுக்கியது. ஷியாம் தாப்பா இரண்டு கோல்; சுரஜித் சென்குப்தா, ரஞ்சித் முகர்ஜி, சுபங்கர் சன்யால் ஆளுக்கு ஒன்று. நான்கு கோல் வாங்கியதும் மோகன் பகானின் இளம் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலியை வெளியே எடுத்துவிட்டார்கள். ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து அன்றிரவு சில ஆட்டக்காரர்கள் கங்கையில் படகில் கழித்தார்கள் என்று சொல்வதுண்டு.

வேடிக்கையாகச் சொல்வதற்கு இல்லாத ஒன்றும் அன்று நடந்தது. மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்திருந்தார். அவருடைய வீட்டாருக்குக் கேடயமும் கோப்பையும் என்ன ஆறுதல் தரும்?

அடுத்த ஆண்டே பி.கே. மோகன் பகானுக்கு மாறினார். 1976 ஜூலை 24 லீக் ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதிப் பதினேழு விநாடிகளில் மோகன் பகான் கோல் போட்டது. தலையால் முட்டியவர் முகமது அக்பர். பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் உலகநாதன். பெயரே சொல்லும் நம்மவர் என்று. மோகன் பகான் 1-0. ஐந்து கோல் ஆட்டத்தில் இரண்டு போட்ட ஷியாம் தாப்பாவும் மோகன் பகானுக்கு வந்து, 1977 கேடயத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக வெற்றி கோல் போட்டார். அழுதுகொண்டு வெளியேறிய பாஸ்கர் கங்குலி ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்றார். ஆட்டக்காரர்கள் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். ரசிகர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

பதினாறு உயிர்கள்

வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பது 1980 ஆகஸ்ட் 16-ல் தெரிந்தது. ஈடன் கார்டன் மைதானத்தில் லீக் ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே பகுதியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மோகன் பகானின் பிதேஷ் போஸும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மைதானத்தில் மோதிக்கொண்டார்கள். நடுவர் இருவரையும் வெளியே அனுப்பினார். அது மேலே காலரியில் தீயாய்ப் பற்றியது. கல் பறந்தது, அடிதடி நடந்தது, கூட்டம் வெளியே ஓடப் பார்த்தது. நெரிசலில் மிதிபட்டுப் பதினாறு பேர் இறந்தார்கள்.

ஆட்டம் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் அவர்கள். இறந்தவர்களில் கோட்டி எத்தனை, பாங்கால் எத்தனை என்று பிறகு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அன்று முதல் ஆகஸ்ட் 16 'கால்பந்து ரசிகர் தினம்'. ஆண்டுதோறும் அன்றைக்கு ரத்ததானம் செய்கிறார்கள். ரத்தப் புட்டியின் மேல் கிளப் பெயரை எழுதுவது கிடையாது.

லட்சம் பேரின் கூச்சல்

1984-ல் சால்ட் லேக் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. 1997 ஜூலை 13-ல் பெடரேஷன் கோப்பை அரை இறுதிக்கு அங்கே கூடிய கூட்டம் 1,31,000-க்கு மேல். இந்தியாவில் எந்த விளையாட்டும் கண்டிராத கூட்டம் என்பார்கள். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தம்முடைய 'டைமண்ட்' முறையைப் பற்றிப் பெரிதாகப் பேசியதோடு, எதிரணி ஆட்டக்காரர்களைக் கேலியும் செய்திருந்தார். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, பி.கே.தான். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. சிக்கிமிலிருந்து வந்த இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டுப் பதில் சொன்னார். ஈஸ்ட் பெங்கால் 4-1. அமல் தத்தா 2016-லும் பி.கே. 2020-லும் மறைந்தார்கள்.

மோகன் பகானும் கடனைத் தீர்த்தது. 2009 அக்டோபர் 25-ல் 5-3 என்று வென்றது. நைஜீரிய ஆட்டக்காரர் சிடி எடே நான்கு கோல் போட்டார்.

பழைய புத்தி இடையிடையே தலைகாட்டத்தான் செய்தது. 2012 டிசம்பர் 9-ல் காலரியிலிருந்து வந்த கல், மோகன் பகானின் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. மோகன் பகான் இரண்டாம் பாதி ஆட மறுத்து வெளியேறியது. அதற்காகத் தண்டனையும் பெற்றது.

சென்னைப் பையன் போட்ட கோல்

2020-ல் இரு கிளப்புகளும் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தன. பணம் போடும் கம்பெனிகள் வந்தன. மோகன் பகானின் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொள்ள, ரசிகர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2023 ஜூனில்தான் அந்த எழுத்துகள் போயின. புது லீக்கில் முதல் மோதல் நடந்தது கல்கத்தாவில் அல்ல, கோவாவில். கொரோனா காலமானதால் காலரியில் ஓர் ஆள்கூட இல்லை. 1,31,000 பேர் பார்த்த பகையை அன்று நாற்காலிகள்தான் பார்த்தன.

அதன் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குச் சோதனைக் காலம். மோதல்களில் தொடர்ந்து தோல்வி. 2023 ஆகஸ்ட் 12-ல் டுராண்ட் கோப்பை ஆட்டத்தில் அந்தத் தலையெழுத்தை ஒருவர் மாற்றினார். அவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். அவருடைய ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. மறு மாதம் அதே கோப்பையின் இறுதிப் போட்டியில் பத்துப் பேருடன் ஆடி மோகன் பகான் 1-0 என்று பழி தீர்த்தது வேறு கதை. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை வென்றபோது, இறுதிப் போட்டியிலும் நந்தகுமார் ஒரு கோல் போட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தேசிய அளவிலான கோப்பை அது. பஞ்ச பாண்டவரைத் தூக்கிக் கொண்டாடியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு தமிழரைத் தூக்கிக் கொண்டாடினார்கள்.

ஆடாத ஆட்டம்

இத்தனை ஆட்டங்களுக்கு நடுவே, ஆடாமலே போன ஓர் ஆட்டத்தைக் கல்கத்தா மறக்காது. 2024 ஆகஸ்ட் 9-ல் ஆர்.ஜி. கர் அரசு மருத்துவமனையில், பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலை செய்யப்பட்டார். நகரமே தெருவுக்கு வந்தது. ஆகஸ்ட் 18-ல் டுராண்ட் கோப்பையில் இரு கிளப்புகளும் மோத வேண்டும். பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆட்டம் இல்லையென்றாலும் ரசிகர்கள் வந்தார்கள். சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே பச்சையும் அரக்கும் ஒரு பக்கம், சிவப்பும் தங்கமும் ஒரு பக்கம். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். நீதி வேண்டும் என்பதே எல்லோருடைய கோஷமும். மோகன் பகான் அணித் தலைவர் சுபாசிஷ் போஸும் வந்து நின்றார். போலீஸ் தடியடி நடத்தியபோது ஓடியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு கிளப்பின் ரசிகர் மறு கிளப்பின் ரசிகரைத் தோளில் தூக்கி நிற்கும் படம் நாடெங்கும் பரவியது.

1980-ல் ஒரே காலரியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் மிதித்துக் கொன்ற கூட்டம், நாற்பத்து நான்கு ஆண்டுகளும் இரண்டு நாளும் கழித்து ஒரே தெருவில் தோளோடு தோள் நின்றது. நூறு வருஷம் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே வாழ்ந்தவர்கள், ஒருவரையொருவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது அன்று தெரிந்தது. பங்காளிச் சண்டை என்று நாம் சொல்வது இதைத்தான். வாசலில் பேச்சு வார்த்தை இருக்காது. வீட்டில் துக்கம் என்றால் முதலில் ஓடிவருபவனும் அவன்தான்.

அதற்காக எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த முறை இரு அணிகளும் மோதியபோது வசைக்கும் குறைவில்லை, கேலிக்கும் குறைவில்லை. மறுநாள் காலை மீன் கடையில் ஒரு தரப்பு பேரம் பேசாமல் வாங்கியது. மறு தரப்பு அன்றைக்குக் காய்கறியோடு வீடு திரும்பியது.